பொறுப்பு முன்னே, அதிகாரம் பின்னே

முகமாலையில் ஒரு தேவாலயம். புலோப்பளையில் ஒன்று, தம்பகாமத்தில் ஒன்று, முள்ளிப்பற்றில் இன்னொன்று. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது வந்த குருவானவர் பிலிப்பஸ் பால்தேயுஸ், பச்சிலைப்பள்ளிக்கென்று எழுதிவைத்த கோயிற்பற்றுகள் இந்த நான்கும்தான். அவருடைய நூல் 1672இல் ஒல்லாந்தில் அச்சேறியது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்று நகரும் பட்டியல் ஆனையிறவுக் கடலேரிக் கரையில் வந்து நின்றுவிடுகிறது. மன்னார், மாந்தைக் கோயில்கள் வேறு கணக்கு. நீருக்கு அப்பால் கிடந்த வன்னியிலிருந்து ஒல்லாந்தருக்கு யானையும் திறையும் வேண்டியிருந்தன. யானைகளை ஆழமில்லாத கடலேரியில் இறக்கிக் குடாநாட்டுக்கு ஓட்டிவந்த வழி என்பதால்தான் ஆனையிறவுக்கே அந்தப் பெயர். பின்னாளில் அங்கே ஒரு சிறு கோட்டையும் கட்டினார்கள். காவல் போட்டவர்கள் சபை நாட்டவில்லை.

இந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. வடக்கில் கிறிஸ்தவ சபைகள் பெருகியதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பெருகியபோது அவற்றை யார் நடத்தினார்கள் என்பதைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆட்களைச் சேர்ப்பது இங்கே பெரும் சிரமமாக இருந்ததில்லை. சேர்ந்த ஆட்களிடம் வேலையைக் கொடுப்பதிலும் எவரும் தயங்கவில்லை. முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கும் இடத்தில்தான் ஒவ்வொரு தலைமுறையும் கையை இழுத்துக்கொண்டது. ஆனையிறவுக்கு இரண்டு பக்கத்துச் சபைகளின் வரலாற்றையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே படிக்கிறேன்.

ஒல்லாந்தர் சபையில் தொடங்கலாம். 1663இல் யாழ்ப்பாணத்தில் 62,000க்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாகப் பதிவாகியிருந்தனர். ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறியிருந்தால்தான் முதுசொம்மில் உரிமை கேட்க முடியும். அரச உத்தியோகமும் அப்படியே. ஆகவே தோம்பு நிரம்பியது. போதிக்கவோ விரல்விட்டு எண்ணக்கூடிய குருவானவர்களே இருந்தார்கள், அவர்களிலும் பலருக்குத் தமிழ் தெரியாது. பால்தேயுஸ் ஒரு விதிவிலக்கு. தம் நூலிலேயே தமிழ் எழுத்துகளையும் இலக்கணக் குறிப்புகளையும் சேர்த்தவர் அவர். மற்ற நாட்களில் கோயிற்பற்றைத் தாங்கியவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். தோம்பு எழுதுவார், பிள்ளைகளுக்கு வினாவிடை சொல்லிக்கொடுப்பார், குருவானவர் வராத ஞாயிறுகளில் பிரசங்கத்தை வாசிப்பார். தாமாக ஒரு பிரசங்கம் எழுத அவருக்கு அனுமதி இல்லை. திருவிருந்து கொடுக்கவும் முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கு மாற்று யோசிக்கப்படாமல் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நல்லூரில் உள்ளூர் இளைஞருக்காக ஒரு குருமடம் தொடங்கினார்கள், சில பத்தாண்டுகளில் மூடிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிலிப்பு தெ மெல்லோ என்ற தமிழர் ஒல்லாந்த சபையில் குருவானவராக உயர்ந்தார். 1759இல் கொழும்பில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு அவருடைய உழைப்பு. அவரைப் போல் பலர் உருவாகியிருக்க வேண்டிய காலம் அது, உருவாகவில்லை.

விளைவு நாம் அறிந்ததுதான். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்தபோது வடக்கில் லட்சத்துக்கு மேற்பட்ட புரட்டஸ்தாந்தர் ஏட்டில் இருந்தனர். பத்தாண்டு கழித்து, 1806இல், குருவானவர் குளோடியஸ் புக்கானன் யாழ்ப்பாணம் வந்து பார்த்தபோது பாழடைந்த கோயில்களைக் கண்டார். அவற்றுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரேயொரு உபதேசியார்: தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்சின் மாணவர் கிறிஸ்தியான் தாவீது. அவரும் 1801 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தார்; குருத்துவ அபிஷேகம் பெற்றது 1824இல், கல்கத்தாவில், பேராயர் ஹீபரின் கையால். இடையில் 23 ஆண்டுகள். முழுக் குடாநாட்டையும் அவர் தலையில் வைக்க முடிந்தவர்களுக்கு, அந்தத் தலையில் கைவைக்க அத்தனை காலம் தேவைப்பட்டது.

அதே ஒல்லாந்தர் காலத்திலேயே இன்னொரு சபை நேர்மாறான வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கக் குருவை வீட்டில் மறைத்துவைத்தால் மரண தண்டனை என்று சட்டம். மாந்தைப் பக்கத்துக் குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தோடு மடுக் காட்டுக்குள் போனதாக மரபுச் செய்தி. ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருவே இல்லாமல் இருந்த அந்த மக்களிடம், 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் கந்தல் உடுத்த பிச்சைக்காரராக வந்து சேர்ந்தார். சில்லாலையில் தங்கினார், பிறகு புத்தளம், கண்டி. பல ஆண்டுகள் தனி ஆளாகவே தீவு முழுவதும் அலைந்தார். ஒரு குரு ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை வருவதே அரிது என்றால், மீதி நாட்களில் சபை எப்படி நடக்கும்? வாசும் அவருக்குப் பின் வந்த கோவாக் குருமாரும் ஊருக்கொரு மூப்பரையும் அண்ணாவியாரையும் வைத்து நடத்தினார்கள். அண்ணாவியார் செபம் சொல்லுவார், ஞானோபதேசம் படிப்பிப்பார், சாகக் கிடப்பவர் அருகில் இருப்பார், குழந்தை பிழைக்காது என்றால் ஞானஸ்நானமும் கொடுப்பார். (நாட்டுக்கூத்துப் பழக்குபவருக்கும் நம் ஊர்களில் அதே பெயர்தான். பாட்டும் போதனையும் ஒரே ஆளிடம் இருந்த காலத்தின் மிச்சம் அது என்று எனக்கு ஓர் எண்ணம்.) மூப்பர் கோயில் சொத்தைப் பார்த்தார், ஊர்ப் பிணக்கைத் தீர்த்தார்.

ஒல்லாந்தர் போனதும் எது கரைந்தது, எது நிலைத்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதைத் துன்பத்தில் உறுதிப்பட்ட விசுவாசம் என்று மட்டும் விளக்குவது எனக்குப் போதாது. ஒரு பக்கத்தில் பள்ளி ஆசிரியர் ஒல்லாந்தக் கம்பனியின் சம்பளக்காரர். சம்பளம் நின்றதும் வேலையும் நின்றது. மறுபக்கத்தில் மூப்பர் ஊராரின் ஆள். அவரை நியமிக்கவும் நீக்கவும் ஊருக்குச் சொல் இருந்தது. அதிகாரத்தின் வேர் எங்கே இறங்கியிருந்தது என்பதில்தான் வேறுபாடு கிடக்கிறது.

ஆனால் கத்தோலிக்கர் இந்தப் பாடத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளவில்லை என்பது கதையின் வேடிக்கை. 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையினர் வடக்கில் பங்குகளை ஒழுங்குபடுத்தினார்கள். பள்ளிக்கூடமும் அச்சகமும் நிரந்தரப் பங்குத்தந்தையும் வந்தன. நல்ல காரியங்கள். கூடவே, தலைமுறைகளாகக் கோயிலை நடத்திய மூப்பருக்கும் புதிதாக வந்த ஐரோப்பியக் குருவுக்கும், கோவாக் குருமாரின் ஆதரவாளருக்கும் புதியவர்களின் ஆதரவாளருக்கும் இடையே உரசல்கள் வந்தன. யாருடைய கோயில் என்பதே சண்டையின் அடி. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரைப் போன்ற, 1901இல் குருவாகி யாழ்ப்பாணக் கிராமங்களில் சபைகளை எழுப்பியபடியே தமிழாய்விலும் முன்னின்ற மேதைகள் அந்தச் சபைக்குள்ளேயே எழுந்தார்கள். ஆயினும் இம்மண்ணின் மைந்தர் ஒருவர், எமிலியானுஸ்பிள்ளை, யாழ்ப்பாண ஆயராக அமர்ந்தது 1950இல். 1847இலிருந்து கணக்குப் பார்த்தால் நூறு ஆண்டுக்கும் மேல்.

அமெரிக்க மிஷன் கதை இன்னும் கூர்மையானது. 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இறங்கியவர்கள் அவர்கள். 1820இல் அவர்களுக்காக ஓர் அச்சாளர் வந்தபோது, பதில் ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார். மேலும் அமெரிக்கர் வரக்கூடாது என்ற தடை 1833 வரை நீடித்தது. புதிய ஆட்கள் வர வழியில்லை. இருப்பவர்களோ ஒவ்வொருவராக நோயில் விழுந்தார்கள். அந்த நெருக்கடி அவர்களை உள்ளூர் ஆட்கள் பக்கம் தள்ளியது என்பது என் வாசிப்பு. 1821இல் கபிரியேல் திசேரா, நிக்கலாஸ் பெர்மாந்தர், பிரான்சிஸ் மல்லையப்பா ஆகியோருக்குப் பிரசங்கிக்க உரிமம் கொடுத்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைக் குருமடம் வந்தது. 1832இல் உள்ளூர்க் கிறிஸ்தவர்களே தங்கள் காணிக்கையில் ஒரு சுவிசேஷ சங்கம் அமைத்துத் தீவுகளில் வேலை தொடங்கினார்கள். பார்ன்சுக்கு இந்தச் சபை கொஞ்சம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் உரிமம் பெற்றவர் பிரசங்கிக்கலாம், அவ்வளவுதான். ஊர்ச் சபைகளுக்கு உள்ளூர்ப் போதகரை அபிஷேகம்செய்து பொறுப்பை முழுமையாகக் கொடுப்பது 1850களின் நடுவில்தான் வழக்கமாகியது. அதுவும் பொஸ்டனிலிருந்து வந்த ஓர் ஆளின் அழுத்தத்தால். மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1855இல் யாழ்ப்பாணம் வந்தார். சபை தன்னைத்தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தானே பரவ வேண்டும் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் மிஷன் செயலாளராக இருந்த ஹென்றி வென்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் படித்த இளைஞர் அரச உத்தியோகத்துக்குப் போவதையும், கிராமச் சபைக்கு அவர்களின் சம்பளத்தைத் தாங்கும் வலு இல்லாததையும் அவர் கண்டார். குருமடம் மூடப்பட்டது.

ஆண்டர்சன் பார்த்த நோய் உண்மையானது. மருந்து கொடுத்த விதம்தான் விசித்திரம். சபையே சபையை ஆளட்டும் என்று சொல்லவந்தவர், அந்தச் சபையின் உயிரான நிறுவனத்தை மூடுவதா என்று அதன் மக்களின் விருப்பப்படி தீர்மானிக்கவில்லை. சுயாட்சி ஆணையாக வந்து இறங்கியது. யாழ்ப்பாணத்தார் 17 ஆண்டுகள் பொறுத்தார்கள். பழைய மாணவரும் ஊர்க் கிறிஸ்தவரும் முன்னின்று 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியை எழுப்பினார்கள். ஆண்டர்சன் கேட்ட சுயாட்சியின் முதல் பெரிய வெளிப்பாடு, அவருடைய முடிவைத் திருத்தியதுதான். 1900 அளவில் யாழ்ப்பாண மாணவர் ஒரு மிஷன் சங்கம் அமைத்துக் கடல்கடந்து தொண்டிக்கு ஆள் அனுப்பினார்கள். 1902இல் இங்கே வந்து இதைப் பார்த்த வேதநாயகம் சாமுவேல் அசரியா ஊர் திரும்பி, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாவதில் முன்னின்றார்.

பாக்குநீரிணையைத் தாண்டிய ஆர்வத்துக்கு ஆனையிறவு ஏனோ அகலமாகத் தெரிந்தது. காரணம் கண்டுபிடிப்பது கடினமல்ல. வன்னி மலேரியாக் காடு, சனம் குறைவு. இரணைமடுக்குளம் 1902இல் தொடங்கி 1920இல் கட்டிமுடிக்கப்பட்ட பின்னரே கிளிநொச்சியில் குடியேற்றங்கள் தலையெடுத்தன. குடாநாட்டில் காணியில்லாதவர்கள் வந்தார்கள். 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து குடும்பங்கள் வந்தன. சபைகளும் வந்தன, கிளைகளாக. வன்னிக் கோயில் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் போய் நடத்தும் கோயில். ஆயரும் சொத்து உறுதியும் குடாநாட்டில்; வளரும் சனம் பெருநிலத்தில்.

இதைச் சபைகள் உணராமல் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1981இல் மன்னாரையும் வவுனியாவையும் யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்து மன்னார் மறைமாவட்டமாக்கியது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்தோடே நின்றன, இன்றும் நிற்கின்றன. அரசு 1984இல் கிளிநொச்சியைத் தனி மாவட்டமாக்கிக் கச்சேரியைக் கொடுத்தது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமோ, சபாபதி குலேந்திரன் முதல் ஆயரானதிலிருந்து, குடாநாட்டை மையமாகக் கொண்டது. அங்கிலிக்கருக்கு மையம் இன்னும் தொலைவில், கொழும்பில்.

பிறகு போர் வந்து மையத்தையே இடம்பெயர்த்துவிட்டது.

1995 அக்டோபர் இறுதியில் குடாநாட்டுச் சனம் தென்மராட்சிக்கு நடந்தது; பலர் அங்கிருந்து கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்குப் போனார்கள். ஆனையிறவு இராணுவத்திடம் இருந்ததால் கண்டிவீதி மூடிக்கிடந்தது. நேற்றுவரை யாழ்ப்பாணத்தின் கிளையாக இருந்த வன்னிக் கோயில்களின் வளவுகளில் யாழ்ப்பாணமே தறப்பாள் கட்டி இருந்தது. அடுத்த ஆண்டு கிளிநொச்சியும் விழ, மல்லாவி, அக்கராயன், புதுக்குடியிருப்பு என்று சபைகளும் சனத்தோடு நகர்ந்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவு கைமாறியபின் போர்முனை முகமாலையில் போய் உறைந்தது. ஆயரில்லங்கள் ஒரு பக்கம், ஆயிரக்கணக்கான சபையார் மறுபக்கம், நடுவில் பால்தேயுஸ் பட்டியலிட்ட அந்தப் பழைய கோயிற்பற்று, கண்ணிவெடிகளோடு. 2002இல் திறந்த பாதை 2006 ஆகஸ்டில் மறுபடி மூடிற்று.

அந்த ஆண்டுகளில் வன்னிச் சபைகளை நடத்தியவர்கள் அங்கே இருந்த குருமாரும் துறவியரும் உபதேசியார்களும் செபக்குழுப் பெண்களும்தான். மேலிடத்துக்கு எழுதிப் பதில் வரும்வரை காத்திருக்கக்கூடிய முடிவுகளாக அவை இல்லை: கோயிலைப் பள்ளிக்கூடமாக்குவதா, அரிசியை எப்படிப் பங்கிடுவது, செல் விழும்போது பூசையை நிறுத்துவதா, எந்த நாளில் இடம்பெயர்வது. வடக்கு கிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராக இருந்த அருட்தந்தை கருணாரத்தினம் 2008 ஏப்ரலில் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். 2009 மே 18 அன்று இராணுவத்திடம் சரணடைந்த சனத்தோடு இருந்த அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அதன்பின் காணப்படவில்லை. வாசின் காலத்துக்குப் பிறகு, சபை தன் அதிகாரத்தைச் சனத்துக்கு இவ்வளவு நெருக்கமாக வைத்திருந்த காலம் இதுதான் என்று நான் சொல்லுவேன். அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பாதை மூடியிருந்தது, அவ்வளவுதான்.

பாதை திறந்தது. 2014இல் யாழ்தேவியும் ஓடியது. மீள்குடியேறிய ஊர்களில் தகரக் கொட்டிலில் தொடங்கி மெல்லக் கல்லாக மாறிய ஆலயங்களைக் கண்டிவீதியில் போகிறவர் எவரும் காணலாம். யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் புறப்பட்டு ஆராதனை முடித்து மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம் இது. வசதிதான், ஆனால் தூரம் குறையும்போது மையத்தின் கை நீளும். போரில் எல்லாவற்றையும் தாங்கிய செபக்குழுத் தலைவி, சமாதான காலத்தில் பூச்சாடி வைப்பவராகக் குறுகிப்போகும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதே இடைவெளியில் சுயாதீன சபைகள் பெருகின. அவற்றைப் பற்றி நம் இடையே இரண்டு பேச்சுகள்தான் உண்டு: காசு கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்பது ஒன்று, ஆவியானவரின் எழுப்புதல் என்பது மற்றது. நடுவில் ஓர் எளிய உண்மை இருக்கிறது. வீட்டுக்கு வந்து செபிக்கிற, நடுஇரவில் அழைத்தால் சைக்கிளில் வருகிற ஒரு பாஸ்டர் அதே ஊரில் இருக்கிறார். அந்த ஊர் ஆளே பாஸ்டராகவும் ஆகலாம். பழைய சபைகள் 20, 30 ஆண்டு காக்கவைத்த அதிகாரத்தை இவர்கள் ஒரே நாளில் கொடுத்துவிடுகிறார்கள். இது புதிதுமல்ல. 1920களில் ராமன்குட்டி பவுல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பெந்தெகொஸ்தே சபை வெளிநாட்டு மிஷன் எதையும் நம்பாமல் உள்ளூர் ஊழியர்களைக்கொண்டே தமிழ்நாடுவரை பரவியது.

இங்கே சிக்கல் தலைகீழ். பாஸ்டரிடம் கொடுக்கப்பட்ட அதிகாரம் அவரைத் தாண்டி யாருக்கும் போவதில்லை. 40 பேர் வீட்டு முற்றத்தில் கூடும்வரை அது பலம். அது 200 பேராகி, காணி வாங்கி, கட்டடம் எழும்பும்போது கணக்கு யார் பார்ப்பது, பாஸ்டர் இறந்தால் அடுத்தது யார், மகனா, சபையா? சட்டமும் இதை மோசமாக்குகிறது. 2001க்கும் 2003க்கும் இடையில் கிறிஸ்தவ அமைப்புகளைச் சட்டரீதியாகக் கூட்டிணைக்கக் கோரிய மூன்று சட்டமூலங்களை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணென்றது. 2008இல் வந்த சுற்றறிக்கை புதிய வணக்கத்தலங்களுக்கு அமைச்சின் அனுமதியைக் கேட்டது. சங்கமாகப் பதிய வழி அடைபடும்போது உறுதி ஒரு தனி ஆளின் பெயரில் எழுதப்படுவது இயல்பு. பிற்பாடு வரும் பிளவுகளுக்கு விதை அந்த உறுதிக் கட்டிலேயே கிடக்கிறது. பழைய சபைகள் சிரிக்க வேண்டாம். நூற்றாண்டு பழமையும் யாப்பும் இருந்தும், ஆயர் தேர்வையொட்டிய பிணக்கில் 2000களின் நடுவில் அமெரிக்க மிஷன் வழிவந்த சபை இரண்டாகவே போனது.

வளரும் சபையின் முதல் நிர்வாகச் சிக்கல் புதிய ஏற்பாட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில், கத்தோலிக்கர் திருத்தூதர் பணிகள் என்னும் நூலில், ஆறாம் அதிகாரம். எருசலேமில் சீடர் பெருகிய நேரம். கிரேக்கம் பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் குறை வைக்கிறார்கள் என்று முறைப்பாடு எழுகிறது. பன்னிருவர் குழு விசாரணை வைக்கவில்லை, மேற்பார்வைக்கு ஆள் அனுப்பவுமில்லை. ஏழு பேரைத் தெரியுங்கள் என்று சபையிடமே சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பெயர்களையும் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறைப்பாடு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, அந்தப் பக்கத்தின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் போலும். பின்பு அவர்கள்மேல் கைவைத்துச் செபித்தார்கள். பொறுப்பும் அதிகாரமும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. இந்த ஆறாம் அதிகாரத்தை வன்னியில் வாசிக்கும்போது விதவைகள் என்ற சொல் வேறுமாதிரி ஒலிக்கிறது. போர் முடிந்த ஊர்களில் பெண் தலைமைதாங்கும் குடும்பங்கள் இல்லாத சபை இல்லை. எருசலேமில் அவர்களுக்காகப் பந்தி பரிமாறக் கிரேக்கப் பெயருள்ள ஆண்களாவது கிடைத்தார்கள். இங்கே பந்தியைப் பரிமாறுபவர்களும் அந்தப் பெண்களேதான்.

மையத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பயிற்சியில்லாதவரிடம் சபையைக் கொடுத்தால் சாதியும் உறவுமுறையும் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் வெறும் சாக்கு அல்ல. பழைய மூப்பர் முறையிலும் பெரிய குடும்பங்களே கோலோச்சின. காணியில்லாமல் வந்தவர்களும் மலையகத்திலிருந்து வந்தவர்களும் வாழும் கிளிநொச்சிப் பக்கத்தில் உள்ளூர்த் தலைமை என்று சொன்னால், உள்ளூரில் யார் என்ற கேள்வி உடனே வரும். ஆனால் அதற்கு விடையாக அதிகாரத்தை மீண்டும் கடலேரிக்கு வடக்கே எடுத்துப்போவது, சாதியைக் குடாநாட்டில் விட்டுவந்தோம் என்று பாவனை செய்வதாகும். கூட்டுப் பொறுப்பு, வெளிப்படையான கணக்கு, குறித்த காலத்துக்கு மட்டும் பதவி: இவை பழகினால் வரும். பழகக் கொஞ்சம் தவறுவதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஆண்டர்சன் தவறியதை யாழ்ப்பாணத்தார் திருத்திக்கொண்டது போல.

பரந்தனுக்கு அப்பால் உள்ள சிறு ஆலயம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து கூட்டுபவர் அயல்வீட்டு அம்மா. கோயில் திறப்பு அவர் இடுப்பில் இருக்கிறது. யாருக்குச் சுகமில்லை, யார் வீட்டில் அடுப்பெரியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வங்கிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பத்தரை மணிக்கு ஆனையிறவைக் கடந்து வருவார்.